பொய்ச் சத்தியக்காரனுக்கு அடுத்த பெயர்

(நியூபோர்ட், ரோட் ஐலண்ட், 1782 ஜூன். ஆரோன் லோப்பஸ் குடும்பத்துப் பெண்ணொருத்தி பேசுவதாக எழுதியது.)

நீதிமான்களே, அன்றைக்கு நீங்கள் பெயர் கூப்பிட்ட வரிசை எனக்கு இன்னும் மனப்பாடம். 1762 மார்ச் 11. முதலில் ஜான் ஷெர்மன். வீடு புகுந்து திருடியவன், தூக்கு. அடுத்து ஃபார்ச்சூன் என்ற கறுப்பு மனிதன். லாங் வார்ஃப் கிடங்குகளுக்குத் தீ வைத்தவன் என்று அவனுக்கும் தூக்கு. மூன்றாவதாக ஒருவன், பொய்க் கணக்கு எழுதி அதை மெய்யென்று சத்தியம் செய்தவன். கழுத்தையும் கையையும் மரச்சட்டத்தில் மாட்டி ஊர் காண நிறுத்தச் சொன்னீர்கள். நான்காவதாக எங்களைக் கூப்பிட்டீர்கள். ஆரோன் லோப்பஸ், ஐசக் எலிசர். திருடன், தீ வைத்தவன், பொய்ச் சத்தியக்காரன், அப்புறம் யூதர்கள்.

எங்கள் ஆட்கள் என்ன செய்துவிட்டு அங்கே வந்து நின்றார்கள்? குடியுரிமை கேட்டு விண்ணப்பம் கொடுத்திருந்தார்கள். அவ்வளவுதான்.

இருபது வருஷமாக இதை நான் வாய்விட்டுப் பேசவில்லை. ஆரோன் பேச விடமாட்டார். தனக்குத் தீங்கு செய்தவனைப் பற்றிக்கூட அவர் வாயிலிருந்து கடுஞ்சொல் வந்து நான் கேட்டதில்லை. இன்று அவர் இல்லை. போன மாதம் 28ஆம் தேதி, மாசசூசெட்ஸின் லெஸ்டரிலிருந்து நியூபோர்ட்டுக்குக் குடும்பத்தோடு திரும்பிக்கொண்டிருந்தோம். போரால் வந்த ஆறு வருஷ அலைச்சல் முடிந்து வீட்டுக்கு வருகிறோம். ஸ்மித்ஃபீல்டு பக்கத்தில், ஸ்காட் குளத்தில் குதிரைக்குத் தண்ணீர் காட்ட வண்டியை இறக்கினார். அடியில் புதைமணல். எங்கள் கண்ணெதிரிலேயே போய்விட்டார். ஐம்பத்தொரு வயது.

அடக்கம் முடிந்த நாளிலிருந்து ஊர் முழுக்க அவர் புகழ்தான். நேர்மையானவர், தாராள மனசுக்காரர், எதிரியே இல்லாதவர் என்கிறார்கள். கேட்கக் கேட்க என் வயிறு எரிகிறது. இவரை எங்களவர் என்று இந்த ஊர் எழுதித் தந்திருக்க வேண்டிய நாள் ஒன்று வந்ததே. அன்று எங்கே போயிருந்தது இந்தப் புகழெல்லாம்?

நாங்கள் எங்கிருந்து வந்தோம் என்பது தெரிந்தேதான் நீங்கள் அந்தத் தீர்ப்பைச் சொன்னீர்கள். லிஸ்பனில் அவர் பெயர் துவார்த்தே. மனைவி பெயர் அன்னா. 1497இல் போர்ச்சுகல் அரசன் எங்கள் முன்னோரை வலுக்கட்டாயமாக ஞானஸ்நானத் தொட்டிக்கு இழுத்தான். அன்று முதல் இரண்டரை நூற்றாண்டாக எங்களுக்குப் புதுக் கிறிஸ்தவர்கள் என்று பெயர். பாட்டனுக்குப் பாட்டன் ஞானஸ்நானம் வாங்கியவன், ஆனாலும் நாங்கள் புதுசு. பன்றி இறைச்சியை அண்டை வீட்டுக்காரி கண்ணில் படும்படி வாங்கிப் போக வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஏற்றுகிற விளக்கின் வெளிச்சம் சன்னலுக்கு வெளியே கசியக் கூடாது. ஓய்வுநாளுக்குத் துணி மாற்றினாள் என்று ஒரு வேலைக்காரி சமய விசாரணை மன்றத்தில் போய்ச் சொன்னால் போதும், குடும்பமே முடிந்தது. ரோசியோ சதுக்கத்தில் தண்டனை ஊர்வலம் போகும்போது நாங்களும் கூட்டத்தோடு நின்று பார்த்தாக வேண்டும். முகத்தைத் திருப்பினால் அதுவும் சாட்சியாகிவிடும்.

தாய்மாருக்கு அங்கே இருந்த பயம் எது தெரியுமா? பிள்ளையிடம் எந்த வயதில் உண்மையைச் சொல்வது என்பது. சீக்கிரம் சொன்னால் தெருவில் உளறிவிடும். தாமதித்தால் அது மெய்யாகவே விசுவாசமுள்ள கிறிஸ்தவப் பிள்ளையாக வளர்ந்து, பெற்றவளையே பாதிரியாரிடம் காட்டிக் கொடுத்துவிடும். அந்த ஊரில் நாங்கள் வாயைத் திறந்தாலே பொய்ச் சத்தியம்தான். திருமணத்தில், ஞானஸ்நானத்தில், பாவ மன்னிப்புக் கூண்டில், மரணப் படுக்கையில், எல்லா இடத்திலும். உயிரோடு இருப்பதற்கு அந்த நாடு எங்களிடம் வாங்கிய வரி அது.

1752இல் இந்தத் துறைமுகத்தில் வந்து இறங்கினோம். அண்ணன் மோசே முன்பே இங்கே கடை வைத்திருந்தார். துவார்த்தே ஆரோன் ஆனார். அன்னா அபிகாயில் ஆனாள். குட்டிப் பெண் கத்தரீனா சாராள் ஆனாள். இருபத்தொரு வயதில் ஆரோன் விருத்தசேதனம் செய்துகொண்டார். அந்த வயதில் அது என்ன வலி என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. லிஸ்பன் தேவாலயத்தில் ஏற்கெனவே மணமான புருஷனும் பெண்டாட்டியும் இங்கே எங்கள் முறைப்படி மறுபடி மணம் செய்துகொண்டார்கள். பிறந்த நாள் முதல் போட்டிருந்த வேஷத்தைக் கழற்றி எறிந்துவிட்டுச் சொந்த முகத்தோடு உங்கள் தெருவில் நடந்தோம். இது ரோஜர் வில்லியம்ஸ் உண்டாக்கிய குடியேற்றம் என்ற நம்பிக்கையில்தான் நடந்தோம். மாசசூசெட்ஸ் துரத்தியதால் காட்டு வழியே வந்து இந்தக் குடியேற்றத்தைத் தொடங்கியவர் அவர். யூதனுக்கும் துருக்கனுக்கும்கூட அவனவன் மனச்சாட்சிப்படி வழிபட உரிமை வேண்டும் என்று அச்சில் எழுதியவர். 1663ஆம் ஆண்டு அரசர் கொடுத்த சாசனம், மதக் கருத்தில் வேறுபட்டதற்காக இங்கே யாரையும் வருத்தக் கூடாது என்கிறது. 1677இலேயே எங்கள் இனத்தார் இந்த ஊரில் இடுகாட்டுக்கு நிலம் வாங்கியிருந்தார்கள். மற்ற அந்நியருக்குள்ள பாதுகாப்பு யூதருக்கும் உண்டென்று 1684இல் உங்கள் சட்டமன்றம் சொல்லியிருந்தது. அந்நியருக்குள்ள பாதுகாப்பு! அந்த வார்த்தையை நாங்கள் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

ஆரோன் இந்த ஊருக்கு என்ன கொடுத்தார் என்று துறைமுகத்தில் நிற்கும் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். சிறிய கடைக்காரராகத்தான் தொடங்கினார். நாண்டக்கெட் திமிங்கிலக்காரர்கள் கொண்டுவரும் தலை எண்ணெயை வாங்கி மெழுகுவத்தி வார்த்தார். அந்தத் தொழிலை இங்கே கொண்டுவந்தவரே எங்கள் இனத்து வணிகர் யாக்கோபு ரிவேரா. 1761இல் எண்ணெய் விலைக்கு வரம்பு கட்ட மெழுகுவத்திக்காரர்கள் ஒப்பந்தம் போட்டார்களே, அதில் பிராவிடன்ஸ் பிரவுன் குடும்பத்தின் கையெழுத்தோடு எங்கள் ஆட்களின் கையெழுத்தும் இருக்கிறது. காகிதத்தில் சமமாகக் கையெழுத்துப் போட எங்களை விட்டீர்கள். பின்னாளில் முப்பது கப்பல்கள்வரை அவருக்கு முழுசாகவோ பங்காகவோ சொந்தமாக இருந்தன. மரம், மீன், குதிரை, பாலாடைக்கட்டி, பீப்பாய், கட்டி முடித்த வீட்டுச் சட்டங்கள்கூட ஜமைக்காவுக்குப் போயின. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் வணிகர் ஹென்றி குரூகரோடு கொடுக்கல் வாங்கல். ஃபாக்லாந்து தீவுகள் வரை திமிங்கில வேட்டைக்கு ஆள் போனது. இந்த ஊர்ப் பீப்பாய்க்காரன், தையற்காரன், செருப்பு தைப்பவன், பாய் தைப்பவன் என எத்தனை அடுப்பு அவர் கணக்குப் புத்தகத்தால் எரிந்தது! போருக்கு முன் நியூபோர்ட்டில் யாரையும்விட அதிக வரி கட்டியவர் அவர். சனிக்கிழமை எங்கள் ஓய்வுநாளுக்குக் கடையை அடைத்தார். ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஓய்வுநாளை மதித்து மறுபடி அடைத்தார். வாரத்தில் ஒரு நாள் வருமானத்தை உங்களுக்கு மரியாதையாகக் கொடுத்த மனிதர் அவர்.

அவர் கேட்டது சலுகை அல்ல. 1740இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் போட்ட சட்டம் இருந்தது. குடியேற்ற நாடுகளில் ஏழு வருஷம் வாழ்ந்த அந்நியர் சத்தியம் செய்து குடியுரிமை பெறலாம். யூதராக இருந்தால் சத்தியத்தில் ‘கிறிஸ்தவனின் உண்மை விசுவாசத்தின்படி’ என்ற சொற்களை விட்டுவிடலாம் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. மோசே அண்ணன் 1741இலேயே நியூயார்க்கில் அப்படித்தான் பெற்றார். ஆரோன் ஒன்பது வருஷம் காத்திருந்துதான் உங்களிடம் வந்தார். நீங்கள் சட்டமன்றத்துக்குப் போகச் சொன்னீர்கள். சட்டமன்றத்தின் கீழவை, தரலாம், ஆனால் வாக்கும் கிடையாது, பதவியும் கிடையாது என்றது. மேலவை அதையும் ஒப்பாமல் உங்களிடமே திருப்பி அனுப்பியது. ஆட்சியைப் பிடிக்க வார்ட் கட்சியும் ஹாப்கின்ஸ் கட்சியும் ஒன்றையொன்று கடித்துக் குதறிக்கொண்டிருந்த காலம் அது. அந்தச் சண்டைக்கு நடுவில் எங்கள் விண்ணப்பம் பந்தாடப்பட்டது.

கடைசியில் நீங்கள் சொன்ன காரணங்கள்! மக்கள்தொகையைப் பெருக்கத்தான் அந்தச் சட்டம், இந்தக் குடியேற்றமோ நிரம்பி வழிகிறது, இங்கிருந்து ஆட்கள் நோவா ஸ்கோஷியாவுக்குப் போக வேண்டியிருக்கிறது என்றீர்கள். அப்படியானால் எங்களுக்கு எங்கே இடம் இல்லை? நாங்கள் ஏற்கெனவே இங்கே வீடு கட்டி இருக்கிறோமே! குடியுரிமை கொடுத்தால் கூடுதலாக ஒரு கட்டில் போட வேண்டியிருக்குமா? நாங்கள் போட்ட சத்தியத்தால் இந்தத் தீவு கடலுக்குள் இறங்கிவிடுமா? அடுத்து, கிறிஸ்தவ மதத்தை அமைதியாக அனுபவிக்கவே இந்தக் குடியேற்றம் உண்டானது, கிறிஸ்தவர் அல்லாதவரைச் சேர்ப்பது அதன் முதல் கொள்கைக்கே விரோதம் என்றீர்கள். மனச்சாட்சிக்காகத் துரத்தப்பட்டவர்கள் கட்டிய ஊரின் முதல் கொள்கை, மனச்சாட்சிக்காகத் துரத்தப்பட்டவனைச் சேர்க்காதே என்பதா? 1663ஆம் ஆண்டுச் சட்டமொன்றைக் காட்டினீர்கள். கிறிஸ்தவனாக இல்லாதவன் இந்தக் குடியேற்றத்தின் சுதந்திரக் குடிமகனாக முடியாதாம். சாசனம் வந்த அதே ஆண்டு! யாரையும் வருத்தாதே என்று சொன்ன மையோடு இதையும் எழுதினார்களா? நாடாளுமன்றத்தின் சட்டம் பெரிதா, உங்கள் மேசை அறையில் கிடந்த அந்தக் காகிதம் பெரிதா என்று கேட்க எங்களுக்கு வழக்கறிஞர் வாய் இல்லை.

இதைவிட நெஞ்சை அறுப்பது ஒன்று உண்டு. அதற்குச் சிறிது காலம் முன்பு உங்கள் சட்டமன்றம் ஜேம்ஸ் லுசேனாவுக்குக் குடியுரிமை கொடுத்தது. அவரும் போர்ச்சுகலிலிருந்து வந்தவர். எங்களைப் போன்ற வம்சம். அவர் கிறிஸ்தவன் என்று சொல்லிச் சத்தியம் செய்தார், கதவு திறந்தது. காஸ்டில் சோப்பு செய்யும் தனியுரிமையும் அதே சட்டமன்றம் கொடுத்தது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. லிஸ்பன் எங்கள் எல்லோருக்கும் கற்றுக்கொடுத்த பாடத்தைத்தான் அவர் ஒப்பித்தார். உங்கள் மேல்தான் எனக்குக் கோபம். ஆரோனும் அந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் போதும். பழகிய நாக்குதானே. இருபத்தொரு வருஷம் சொன்ன வரிதானே. அவர் சொல்ல மாட்டேன் என்றார். பொய்ச் சத்தியம் செய்தவனை மரச்சட்டத்தில் மாட்டச் சொல்லி, அதே மூச்சில், பொய்ச் சத்தியம் செய்ய மறுத்தவரைத் திருப்பி அனுப்பினீர்கள். இதற்கு உங்கள் சட்டப் புத்தகத்தில் என்ன பெயர்?

குடியுரிமை இல்லாவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று சிலர் கேட்டார்கள். அந்நியன் நிலம் வாங்கினால் அது எப்போது கையை விட்டுப் போகும் என்று தெரியாது. பிள்ளைகளுக்கு எழுதிவைத்தால் நிற்குமா தெரியாது. 1660ஆம் ஆண்டுக் கப்பல் சட்டப்படி அந்நியன் இந்தக் குடியேற்றங்களில் வணிகனாகவோ முகவனாகவோ இருக்கவே கூடாது. பொறாமைப்பட்ட ஒரே ஒருவன் புகார் எழுதினால் கிடங்கும் கப்பலும் போய்விடும். இந்தப் பயத்தோடுதான் உங்களுக்கு அதிக வரி கட்டினார்.

அவர் சோர்ந்து உட்காரவில்லை. எல்லை தாண்டி ஸ்வான்சியில் சில காலம் வீடெடுத்துத் தங்கினார். அதே 1762ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் தேதி டான்டன் நகரில் மாசசூசெட்ஸ் நீதிமன்றம் அவருக்குக் குடியுரிமை கொடுத்தது. சத்தியத்திலிருந்து ‘கிறிஸ்தவனின் உண்மை விசுவாசத்தின்படி’ என்ற சொற்களை அடித்துவிட்டே கொடுத்தது. அந்த மாகாணத்தில் அதைப் பெற்ற முதல் யூதர் அவர். எந்த மாசசூசெட்ஸ்? வில்லியம்ஸைத் துரத்திய மாசசூசெட்ஸ்! குவேக்கர்களைத் தூக்கில் போட்ட மாசசூசெட்ஸ்! ஐசக் எலிசர் நியூயார்க்கில் போய் வாங்கினார். சொந்த ஊரில் கிடைக்காததை அடுத்த ஊரில் வாங்கிக்கொண்டு இருவரும் உங்களிடமே திரும்பி வந்தார்கள். அபிகாயில் அதே ஆண்டில் இறந்துபோனாள். பொய்ப் பெயரோடு பிறந்து மெய்ப் பெயரோடு பத்தே வருஷம் வாழ்ந்தவள். அவளுக்கு நீங்கள் கொடுத்தது இடுகாட்டு நிலம். அதுவும் நாங்கள் விலை கொடுத்து வாங்கியது.

மறு வருஷம் டிசம்பர் 2ஆம் தேதி எங்கள் ஜெப ஆலயம் திறந்தபோது ஊர்ப் பெரியவர்கள் வந்து உட்கார்ந்து ரசித்தார்கள். பீட்டர் ஹாரிசன் வரைந்த அழகான கட்டடம். அடிக்கல்லில் ஒன்று ஆரோன் வைத்தது. எங்கள் பாட்டைக் கேட்கப் பிடிக்கிறது, எங்கள் எபிரேயத்தைக் கற்கப் பிடிக்கிறது, எங்கள் பெயரைக் குடிமக்கள் ஏட்டில் எழுத மட்டும் கை வரவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் நான் மேலே போக முடியாது. அன்றைய வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்றானே ஃபார்ச்சூன், அவனைப் பற்றி இந்த வீட்டில் யாரும் பேசியதில்லை. போருக்கு முன் இந்த ஊரில் இருபதுக்கும் மேற்பட்ட ரம் வடிசாலைகள் இருந்தன. அந்த ரம் கினியா கரைக்குப் போய் மனிதர்களாக மாறி வந்தது. எங்கள் விண்ணப்பம் உங்கள் மேசையில் கிடந்த அதே 1761இல் ஆரோனும் ரிவேராவும் தங்கள் முதல் கப்பலை அந்தக் கரைக்கு அனுப்பினார்கள். பிறகு பதினான்கு வருஷத்துக்குள் ஏறத்தாழ இருபது பயணங்கள். ஊரே செய்தது, உங்களில் பலர் வீட்டுச் செல்வமும் அதில்தான் வந்தது, உண்மைதான். ஆனால் பெயரைப் பறித்து வேறு பெயர் சூட்டுவது என்ன என்று அறிந்தவர்கள் நாங்கள். பஸ்கா இரவில் அடிமை வீட்டிலிருந்து புறப்பட்ட கதையை மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாசிக்கிறவர்கள் நாங்கள். அந்த மேசையில் பரிமாறிய கைகள் விலைக்கு வாங்கிய கைகள். ஃபார்ச்சூன் என்பது அவனைப் பெற்றவள் வைத்த பெயராக இருக்காது. அவன் விண்ணப்பம் எழுதினால் வாங்கிக்கொள்ள இந்த உலகத்தில் மன்றமே கிடையாது. எங்கள் நியாயத்தை நான் கேட்கும்போது அவனுக்கு எங்கள் மேல் இருக்கும் வழக்கும் கூடவே எழுந்து நிற்கிறது. அதை என்னால் உட்காரவைக்க முடியவில்லை. அதற்காக நீங்கள் எங்களுக்குச் செய்தது நியாயமாகிவிடாது. அவனை விற்றதற்காக நீங்கள் எங்களைத் தள்ளவில்லை. அதில் நீங்கள் எங்கள் கூட்டாளிகள்.

பிறகு விடுதலைப் போர். 1776 டிசம்பரில் ஆங்கிலேயப் படை நியூபோர்ட்டில் இறங்கியது. ஆரோன் அவர்களுக்குத் தலைவணங்கியிருந்தால் கப்பல்களைக் காப்பாற்றியிருக்கலாம். பிரிஸ்டலிலும் ஜமைக்காவிலும் அவர் சொத்து அவர்கள் கையில்தான் இருந்தது. அவர் வீட்டைப் பூட்டிவிட்டு உங்கள் பக்கம் வந்தார். லெஸ்டர் மலை மேல் ஒரு வீடு. தன் குடும்பம், மாமனார் குடும்பம், மருமகன் குடும்பம் என்று அகதிகள் எல்லோருக்கும் அங்கே சோறு. ஆங்கிலேயர் பிடித்த கப்பல்கள் போயின. போகட்டும், பகைவன். ஆனால் 1778இல் எங்கள் ‘ஹோப்’ கப்பலைப் பிடித்தது யார்? அமெரிக்கக் கொடி கட்டிய தனியார் போர்க்கப்பல்காரர்கள். கனெக்டிகட்டுக்கு இழுத்துப்போய், பகைவன் சரக்கு என்று மன்றத்தில் சொல்லிப் பங்கு போட்டுக்கொள்ளப் பார்த்தார்கள். யாருக்காக வீட்டை விட்டு ஓடி வந்தாரோ அவர்களே அவரைப் பகைவன் என்றார்கள். பிலடெல்பியாவில் இருந்த காங்கிரசுக்கு மேல்முறையீடு போயிற்று. நான்கு வருஷமாக அலைந்தார். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. அவர் முடிந்துவிட்டார்.

இப்போது கடன்காரர்களின் கடிதங்கள் வர ஆரம்பித்துவிட்டன. அவரைப் புகழ்கிற அதே கைகள் எழுதுகின்றன. கணக்குப் புத்தகங்களை விரித்துப் பார்த்தால், வர வேண்டியது கடலிலும் பிடித்துப்போனவர்கள் கையிலும் இருக்கிறது. கொடுக்க வேண்டியது மட்டும் வாசலில் நிற்கிறது. அவர் இரண்டாவதாக மணந்த விதவை சாராளும் பிள்ளைகளும் நாளை உங்கள் மன்றத்துக்கு வருவார்கள். உயிலுக்காக வருவார்கள். ஹோப் வழக்குக்காகவும், இந்த வீட்டுக்காகவும், துறைமுகத்தில் மிஞ்சியிருக்கும் கிடங்குக்காகவும் வருவார்கள். வருகிறவர்களிடம் சத்தியம் கேட்பீர்கள். எனக்குப் புகழுரை வேண்டாம், நீதிமான்களே. எந்தச் சொற்களைச் சொல்லிச் சத்தியம் செய்தால் எங்கள் சொல் இங்கே செல்லும் என்பதை மட்டும் இப்போதே, எழுத்தில், முத்திரை போட்டுத் தாருங்கள். அந்தப் பொய்ச் சொற்கள் அதில் இருந்தால் இந்த வீட்டிலிருந்து ஒருவரும் அதைச் சொல்ல மாட்டார்கள். வேண்டுமானால் மறுபடி நான்காவதாகக் கூப்பிடுங்கள்.